குதித்துப் படிக்கட்டும்: ஒரு சாக்பீஸ், ஒரு மொட்டை மாடி

நாலு வயதுப் பிள்ளையிடம் "ஒரு இடத்தில் உட்கார்ந்து படி" என்று எத்தனை தடவை சொன்னாலும் நடக்காது, ஏனென்றால் அந்த வயதில் உடம்பு ஓடினால்தான் மனசு நிற்கும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2019-இல் சொல்லியிருக்கிறது. அதில் ஒரு கால் மணி நேரத்தைப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குறில், நெடில். என் மகள் 'பாட்டு' என்று சொன்னால் 'பட்டு' என்றுதான் எழுதுவாள், துணைக்கால் வரவே வராது. சரி என்று நோட்டை மூடிவிட்டு மாடிக்குக் கூட்டிப்போனேன். முதலெழுத்து குறிலானால் நின்ற இடத்திலேயே ஒரு குதி, நெடிலானால் முன்னால் ஒரு நீளத் தாண்டல், கால் தரையில் படுகிறவரை அந்த ஓசையை இழுக்க வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்கிற இலக்கணம் இவ்வளவுதான். கல், கால், மலை, மாலை, படம், பாடம் என்று ஜோடி ஜோடியாகச் சொல்லுங்கள். இப்போது அவள் எழுதும்போது பார்த்தால் நாற்காலிக்கு அடியில் பாதம் லேசாக முன்னே நகரும், அப்புறம்தான் கை துணைக்காலைப் போடும்.

திசை சொல்லித்தர மதுரைக்காரர்களுக்கு ஊரே படமாக இருக்கிறது. நடுவில் கோயிலுக்கு ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதி. சூரியன் வரும் பக்கம் கீழ வீதியாக இருக்கட்டும். "மேல மாசியில் நில்லு, வடக்கு மாசிக்கு ஓடு, ஒரு வீதி உள்ளே வா" என்று சொல்லச் சொல்ல, உள்ளே வெளியே, கிழக்கு மேற்கு எல்லாம் காலிலேயே பதிந்துவிடும். ரொம்பச் சின்னப் பிள்ளைக்குச் சித்திரையும் மாசியும் போதும். தேர் முனையில் திரும்புகிற மாதிரி மெதுவாகத் திரும்பச் சொன்னால் ஓடுகிற பிள்ளையும் நிதானிக்கும், அது தனிப் பயிற்சி.

எண்ணுக்குப் பாண்டிக் கட்டமே இருக்கிறது, சில்லு விழுந்த கட்டத்து எண்ணைச் சொல்லிவிட்டு நொண்டி அடிக்கட்டும்.

நம்மூர் வெயிலில் மாடித் தரை பாதத்தைச் சுட்டுவிடும், அதனால் காலை எட்டு மணிக்குள், இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகுதான். பிள்ளை போதும் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். மறுநாள் கோடு அழிந்திருந்தால் சாக்பீஸை அதன் கையிலேயே கொடுத்து வீதிகளைப் போடச் சொல்லுங்கள், கோணலாக வந்தாலும் திருத்த வேண்டாம்.