‘சாவு வரி’ என்று யாராவது சொன்னால் என்ன கேட்பது?

திருநெல்வேலிச் சந்தையடியில் ‘செத்தாலும் வரி பிடுங்கிறாங்களாம்’ என்று யாராவது சொன்னால், முதலில் எந்த நாடு, எவ்வளவு தொகைக்கு மேல் என்று கேளுங்கள். அமெரிக்காவில் 1916 இல் வந்த, இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான கூட்டாட்சி வரிக்கு ‘சாவு வரி’ என்ற பெயரைப் பரப்பியது அதை எதிர்த்தவர்கள்தான். 2025 இல் ஒருவர் விட்டுச்செல்லும் சொத்தில் 1 கோடியே 39 லட்சத்து 90 ஆயிரம் டொலர் வரை அங்கே அந்த வரியே இருக்கவில்லை. நாலு பரப்புக் காணிக்காரர் ஏன் அந்தக் கோடீஸ்வரர்களுடைய பயத்தைச் சுமக்க வேண்டும்?

அப்புறம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். லண்டனில் கல்யாணம் ஆகாத சித்தப்பா 4 லட்சம் பவுண்ட் வங்கிப் பணத்தை உங்களுக்கு எழுதிவைத்தால், பொதுவாக 3,25,000 கழித்து மிச்சம் 75,000க்குத்தான் 40 சதவீத வரி. அதாவது 30,000.