முதிர்ந்த போர்ட் ஒயினை முதன்முறை சுவைக்கப் போகிறீர்களா?

போர்ச்சுகலில் டோரோ ஆற்றின் ஒரு கரையில் போர்ட்டோ நகரம், எதிர்க்கரையில் விலா நோவா டி காயா. போர்ட் ஒயின் காலங்காலமாக முதிர்ந்துவருவது காயாவின் கிடங்குகளில்தான். அங்கே சுவைப்பு வகுப்புக்கு உட்காரும் புதியவர்களின் கண், வரிசையின் கடைசியில் இருக்கும் 40 ஆண்டுக் கோப்பையின் மீதே நிற்கும். தயவுசெய்து அதற்கு அவசரப்படாதீர்கள்.

1. எது எங்கே முதிர்ந்தது?

திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு மூன்று நாட்களில், 77 சதவீத வலிமையுள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றிவிடுகிறார்கள். நொதிப்பு அத்துடன் நின்றுவிடும். மிச்சமிருக்கும் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். போர்ட்டின் இனிப்புக்கும், ஏறத்தாழ 20 சதவீத மது அளவுக்கும் இதுவே காரணம்.

அதன் பிறகு வழி இரண்டாகப் பிரிகிறது. டானி வகை பழைய மரப் பீப்பாயில் கிடக்கிறது. மரத்தின் வழியே காற்று மெல்ல உள்ளே போகிறது, ஒயின் மெல்ல ஆவியாகிறது, சிவப்பு வெளுத்துக் காவியாகிறது. விண்டேஜ் வகையோ இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பாட்டிலுக்குள் போய்விடும். அங்கே காற்று அநேகமாக இல்லை. எனவே கருஞ்சிவப்பும் பழச்சுவையும் பல பத்தாண்டுகள் நிலைக்கும். இரண்டும் பழையவைதான், ஆனால் முதுமை வேறு வேறு. வகுப்பில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

டானி பாட்டிலில் காணும் 10, 20, 30, 40 என்ற எண்கள் ஒரே அறுவடையின் வயதல்ல. பல ஆண்டுகளின் ஒயின்களைக் கலந்து, அந்த வயதுக்குரிய குணம் வந்திருக்கிறதா என்று போர்ட்டோவிலுள்ள ஒழுங்குமுறை அமைப்பின் சுவைஞர்கள் பார்த்து ஒப்புக்கொள்வார்கள். ஒரே அறுவடையின் டானி வேண்டுமென்றால் கொல்யெய்ட்டா என்று கேளுங்கள். குறைந்தது 7 ஆண்டுகள் மரத்தில் இருந்திருக்கும்.

2. போகும் முன்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம்.

3. கண்ணால்

கோப்பைக்கு அடியில் வெள்ளைத் தாளை வைத்து, கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள். 10 ஆண்டு டானி செங்கல் நிறத்தில் இருக்கும். 20 தேன் நிறத்துக்கு நகர்ந்திருக்கும். 40 ஆண்டு டானியின் விளிம்பை உற்றுப் பாருங்கள்: பல சமயம் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரியும்.

4. மூக்கால்

மூக்கைக் கோப்பைக்குள் விடாதீர்கள். சாராய நெடி சுட்டுவிடும். மோவாய்க்குக் கீழே பிடித்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். நெடி விலகியதும் வறுத்த முந்திரி, உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல், முறுகிய வெல்லப்பாகு என்று ஒவ்வொன்றாக எழும். வகுப்பு நடத்துபவர் சொல்லும் பழங்கள் உங்களுக்குப் பழக்கமில்லையென்றால் கவலையே வேண்டாம். உங்கள் வீட்டு அடுப்படியில் பழகிய மணத்தின் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் நினைவில் நிற்கும்.

5. நாவால்

இளையதிலிருந்து மூத்ததற்குப் போங்கள். அரை மடக்கு போதும். வாயில் சுழற்றி, விழுங்கியோ துப்பியோ விடுங்கள். துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், கூச்சப்பட வேண்டியதில்லை. இனிப்பு முதலில் தெரிந்துவிடும். நீங்கள் தேட வேண்டியது புளிப்பை. ஆவியாதலில் சர்க்கரையோடு புளிப்பும் செறிவதால்தான் நல்ல 40 ஆண்டு டானி அவ்வளவு கெட்டியாக இருந்தும் திகட்டுவதில்லை. பிறகு 10 ஆண்டுக் கோப்பைக்குத் திரும்புங்கள். மரம் என்ன செய்திருக்கிறது என்பது அப்போதுதான் புரியும். தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை 20: பழமும் மரமும் அதில் ஒன்றையொன்று அமுக்குவதில்லை.

6. பழைய விண்டேஜ் இருந்தால்

திறப்பதை அருகில் நின்று பாருங்கள். பல பத்தாண்டுகள் கடந்த தக்கை உதிர்ந்துவிடும் என்பதால், செக்கச் சிவக்கக் காய்ச்சிய இடுக்கியால் பாட்டிலின் கழுத்தைத் தக்கைக்குக் கீழே சற்று நேரம் கவ்விப் பிடிப்பார்கள். பிறகு ஈரத்துணியால் ஓர் ஒற்று. கழுத்து சுத்தமாகத் துண்டாகிவிடும். அடியில் மண்டி இருக்கும். ஆகவே கழுத்துக்குப் பின்னால் விளக்கை வைத்துக்கொண்டு மெல்ல இறுப்பார்கள்; மண்டி தோள்பகுதிக்கு வந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

வீட்டுக்கு வாங்கி வந்தால், திறந்த டானி குளிர்பெட்டியில் சில வாரங்கள் தாங்கும். காற்றோடு ஏற்கெனவே பழகிய ஒயின் அது. பழைய விண்டேஜைத் திறந்த ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள்.