பழைய டிராக்டரில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டும்போது ஒயரிங் செய்வது எப்படி?

இரண்டும் இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்பவைதான்; டைனமோ பழைய வகை, ஆல்டர்னேட்டர் புது வகை. ஆல்டர்னேட்டருக்கு முக்கியமாக வேண்டியது இரண்டே ஒயர்: ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. தடித்த ஒயரில் யாரும் பெரிதாகத் தப்பு செய்வதில்லை. மெல்லிய ஒயர்தான் ஆளைச் சுற்றலில் விடும். "புது ஆல்டர்னேட்டர், ஆனால் சார்ஜ் ஏறவில்லை" என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது அந்த மெல்லிய ஒயரையும் அதன் வழியில் இருக்கும் சின்ன பல்பையும்தான்.

எவ்வளவு ஆம்பியர் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பழைய டைனமோக்கள் 11 முதல் 22 ஆம்பியர் வரை கொடுக்கும். அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடினால்தான். முன்னால் 55 வாட் ஹெட்லைட் இரண்டு, பின்னால் வேலை விளக்கு ஒன்று எரிந்தால் மொத்தம் 165 வாட், அதாவது ஏறக்குறைய 14 ஆம்பியர். ஆகவே 35 முதல் 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டரே தாராளம். 90 ஆம்பியர் வாங்கினால் ஒயரும் ஃபியூஸும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும், பெல்ட்டும் வழுக்கும். வோல்ட்டேஜ் எகிறாமல் பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் வகையை எடுங்கள்.

எர்த் எந்தப் பக்கம்?

ஒயரைத் தொடுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். எந்த முனை வண்டியின் உடலோடு போல்ட் போட்டிருக்கிறது? பழைய பிரிட்டிஷ் டிராக்டர்கள் பலவற்றில் பிளஸ் முனைதான் எர்த். ஆல்டர்னேட்டருக்கு மைனஸ்தான் எர்த்தாக இருக்க வேண்டும். மாற்றாமல் இணைத்தால் உள்ளே இருக்கும் டயோடுகள் (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகங்கள்) அந்த நொடியே போய்விடும். பேட்டரி கேபிளும் சூடாகிப் புகையும்.

மாற்றுவது கஷ்டமில்லை, ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பேட்டரியின் பிளஸ் முனை மைனஸ் முனையைவிட ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. தடிமன் அதிகம். பிளஸில் இருந்த கிளாம்பை மைனஸில் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் ஆடும். மைனஸ் கிளாம்ப் பிளஸில் ஏறவே ஏறாது. சுத்தியலால் தட்டி ஏற்றாதீர்கள், முனை வேரோடு கழன்றுவிடும். இரண்டு கிளாம்பையும் புதிதாகப் போட்டுவிடுவதே நல்லது.

ஃபீல்டு காயில் (காந்தத்துக்குப் பதில் கம்பிச் சுருள்) உள்ள பழைய ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு பிளஸ் மைனஸ் கவலை இல்லை. மாற்றினாலும் அதே பக்கம்தான் சுற்றும். பல்புகளுக்கும் கவலை இல்லை. கரண்டை அளக்கும் அம்மீட்டரின் முள் மட்டும் எதிர்ப்பக்கம் போகும். பெட்ரோல் இன்ஜினாக இருந்தால் இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் இடம் மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும், ஆனால் தீப்பொறி பலவீனமாக இருக்கும். 6 வோல்ட் வண்டி என்றால் பேட்டரி, பல்புகள், காயில் எல்லாவற்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்றிய பிறகே மேற்கொண்டு போங்கள்.

மாட்டுவது, புல்லி

பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கிராங்க் புல்லி, பம்ப் புல்லி, ஆல்டர்னேட்டர் புல்லி மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நேரான இரும்புப் பட்டை ஒன்றைப் புல்லி முகத்தில் வைத்துப் பார்த்து, தேவையான அளவு வாசர் போட்டுச் சரிசெய்யுங்கள். கோணலாக இருந்தால் பெல்ட்டின் ஒரு ஓரம் மாவு மாவாக உதிரும்.

வேகக் கணக்கையும் பாருங்கள். கிராங்க் புல்லி 150 மி.மீ., ஆல்டர்னேட்டர் புல்லி 65 மி.மீ. என்றால் விகிதம் 2.3. இன்ஜின் நிமிடத்துக்கு 650 சுற்றில் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல்) ஓடும்போது ஆல்டர்னேட்டர் 1500 சுற்று சுற்றும். 2200-ல் ஓடும்போது 5000-ஐத் தொடும். இது போதும். டைனமோவின் பெரிய புல்லியையே இதில் மாட்டினால் ஐடிலில் சார்ஜ் ஏறாது. புல்லியின் பள்ளமும் உங்கள் பெல்ட்டின் அகலமும் பொருந்த வேண்டும். அகலப் பெல்ட்டைக் குறுகிய பள்ளத்தில் ஓட்டினால் அது மேலேயே மிதந்து வழுக்கும். நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. வரை பெல்ட் இறங்க வேண்டும்.

தடித்த ஒயர்

ஆல்டர்னேட்டரில் பெரிய போல்ட், பி பிளஸ் என்று குறி இருக்கும். அங்கிருந்து ஸ்டார்ட்டர் சொலினாய்டில் (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) பேட்டரி கேபிள் வந்து சேரும் போல்ட்டுக்கு நேராக ஒயர் இழுங்கள். பேட்டரிக்குப் போக அதுதான் குறுக்குவழி.

பழைய டைனமோ ஒயரையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மீட்டர் செம்பு ஒயரில் 40 ஆம்பியர் ஓடும்போது 2.5 சதுர மி.மீ. ஒயரில் 0.56 வோல்ட் தொலையும். 6 சதுர மி.மீ. என்றால் 0.23 வோல்ட், 10 என்றால் 0.14. பேட்டரிக்குப் போக வேண்டிய 14 வோல்ட்டில் அரை வோல்ட் வழியிலேயே போனால், பேட்டரி என்றைக்கும் முழுசாக நிரம்பாது. ஆகவே 45 ஆம்பியர் வரை குறைந்தது 6, அதற்கு மேல் 10 சதுர மி.மீ.

அந்த ஒயரில் 60 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் பேட்டரிப் பக்கத்து முனையில் போடுங்கள். ஆல்டர்னேட்டர் பக்கம் போட்டுப் பயனில்லை. ஒயர் நடுவில் எங்காவது உரசி உடலில் பட்டால், நெருப்பு வைக்கும் கரண்ட் வருவது பேட்டரியிலிருந்துதான்.

லக்குகளை (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) பிளையரால் நசுக்காமல் கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். இன்ஜின் அதிர்வில் நசுக்கிய லக் தளரும், தளர்ந்த இடம் சூடாகும், சூடான இடம் கருகும்.

எர்த்தை மறக்காதீர்கள். பெயின்ட் அடித்த பிராக்கெட், துருப்பிடித்த போல்ட் வழியாக எர்த் சரியாக வராது. ஆல்டர்னேட்டர் உடலிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு இன்னொரு 6 சதுர மி.மீ. ஒயர் போட்டுவிட்டால் பாதி தலைவலி போய்விடும்.

மெல்லிய ஒயர்

டி பிளஸ், எல், ஐஎன்டி என்று வெவ்வேறு பெயரில் இருக்கும் சின்ன முனைக்குப் போவது இது. பாதை: சாவி, அங்கிருந்து சார்ஜ் விளக்கு, அங்கிருந்து டி பிளஸ். 1.5 சதுர மி.மீ. ஒயர் போதும். விளக்கு 12 வோல்ட், 2.2 வாட் சாதாரண பல்பு.

இந்தப் பல்பு வெறும் அடையாளத்துக்கு வைத்ததல்ல. சாவியைத் திருப்பியதும் இதன் வழியாக 0.2 ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டருக்குள் போய் அதைக் காந்தமாக்குகிறது. இன்ஜின் ஓடியதும் ஆல்டர்னேட்டர் தானே மின்சாரம் தயாரிக்கத் தொடங்க, டி பிளஸ் முனையிலும் 14 வோல்ட் வந்துவிடும். பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட்டேஜ், ஆகவே அணைந்துவிடும். பல்பு ஃபியூஸ் போனால் விளக்கும் எரியாது, சார்ஜும் ஏறாது. டேஷ்போர்டில் அழகாக இருக்கிறதே என்று எல்இடி போட்டவர்களுக்கும் இதே கதிதான். எல்இடி வழியே அவ்வளவு கரண்ட் போகாது. எல்இடிதான் வேண்டும் என்றால் அதோடு பக்கவாட்டில் 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணையுங்கள்.

பழைய டேஷ்போர்டில் இன்னொரு கண்ணி உண்டு. பல ஹோல்டர்களில் பல்பின் ஒரு முனை தகர உடல் வழியாக எர்த் ஆகிவிடும். இந்த விளக்குக்கு இரண்டு ஒயரும் தனித்தனியாக வரும் ஹோல்டர் வேண்டும். உடல் வழியே எர்த் ஆனால் சாவி போட்ட நேரமெல்லாம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ரோட்டருக்கு எதுவும் போகாது.

பல்பே இல்லாமல் சாவியிலிருந்து நேராக டி பிளஸ்ஸுக்கு ஒயர் இழுக்காதீர்கள். ஆல்டர்னேட்டர் அந்த ஒயர் வழியாகவே சாவிச் சுற்றுக்குத் திருப்பிக் கரண்ட் கொடுக்கும். பெட்ரோல் இன்ஜினில் சாவியை அணைத்த பிறகும் வண்டி நிற்காமல் ஓடும்.

எஸ் என்று ஒரு முனை இருந்தால் அது பேட்டரி வோல்ட்டேஜை அறிந்துகொள்வதற்கு. மெல்லிய ஒயரால் சொலினாய்டு போல்ட்டில் இணைத்துவிடுங்கள். டபிள்யூ முனை ஆர்பிஎம் மீட்டருக்கு. மீட்டர் இல்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பழைய ரெகுலேட்டர் பெட்டி

இதன் வேலை முடிந்தது. ஆனால் கழற்றும் முன் ஒயர்களில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். லூக்காஸ் வகைப் பெட்டியில் எஃப், ஏ, ஏ1, டி, ஈ என்று ஐந்து முனை இருக்கும். வேறு பெட்டிகளில் எழுத்து மாறும், வேலை மாறாது. ஏ, ஏ1 ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து இன்சுலேட் செய்யுங்கள். பேட்டரியிலிருந்து விளக்குகளுக்கும் சாவிக்கும் போகும் பாதை அதுதான். டி முனையில் தடித்த டைனமோ ஒயரும் சார்ஜ் விளக்கின் மெல்லிய ஒயரும் இருக்கும். விளக்கு ஒயரைத் தனியாகப் பிரித்து, எஃப் ஒயரோடு இணைத்துவிடுங்கள். எஃப் ஒயரின் மறுமுனை ஏற்கெனவே டைனமோ பக்கம் காத்திருக்கிறது. அதை டி பிளஸ்ஸில் சொருகினால் வேலை முடிந்தது. தடித்த டைனமோ ஒயரை எடுத்துவிடுங்கள்.

பி பிளஸ் ஒயர் நேராகச் சொலினாய்டுக்குப் போவதால், பழைய அம்மீட்டர் இனி பேட்டரியில் ஏறுவதைக் காட்டாது. விளக்கு போட்டால் முள் மைனஸ் பக்கம் மட்டுமே போகும், பயப்பட ஒன்றுமில்லை. அந்த இடத்தில் வோல்ட்மீட்டர் ஒன்று மாட்டினால் உண்மை நிலவரம் தெரியும். அம்மீட்டர் வழியாகவே சார்ஜ் போகட்டும் என்று நினைத்தால், 30 ஆம்பியர் வரை மட்டுமே அளக்கும் மீட்டருக்கு 45 ஆம்பியர் தாங்காது.

சோதிப்பது

வெளியிலிருந்து முழுசாகச் சார்ஜ் செய்த பேட்டரியில் இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். சாவி போட்டால் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்து கொஞ்சம் வேகம் கொடுத்தால் அணைய வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகு ஒருமுறை வேகத்தைக் கூட்டினால்தான் அணைகிறது என்றால் அது கோளாறல்ல.

இப்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். எல்லா விளக்கும் எரியும்போதும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. 14.8-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் சரியில்லை, பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றும். விளக்குகள் எரியும்போதே மீட்டரின் ஒரு கம்பியை பி பிளஸ்ஸிலும் மற்றதைப் பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள், 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏதோ ஒரு லக் சரியில்லை. ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.2-க்குள் இருக்க வேண்டும்.

சாவி போட்டும் விளக்கு எரியவில்லையா? டி பிளஸ் ஒயரைக் கழற்றி இன்ஜின் உடலில் தொடுங்கள். எரிந்தால் ஒயரும் பல்பும் சரி, ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். எரியவில்லை என்றால் பல்பு அல்லது ஒயர். சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரிந்தால் டயோடு ஷார்ட். பேட்டரி விடிவதற்குள் காலியாகும். ஓடும்போது மங்கலாக எரிந்தால் டயோடு ஒன்று போயிருக்கலாம், அல்லது சாவி இணைப்பில் துரு.

டைனமோ காலத்துப் பழக்கங்கள் இரண்டை விட்டுவிட வேண்டும். ஓடும் வண்டியில் பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்த்து "சார்ஜ் ஆகிறதா" என்று சோதிப்பது ஒன்று. பேட்டரி இல்லாத அந்த நொடியில் வோல்ட்டேஜ் எகிறி டயோடையும் ரெகுலேட்டரையும் கொன்றுவிடும். புதிதாக மாட்டியதும் டைனமோவின் ஃபீல்டு (எஃப்) முனையில் பேட்டரி ஒயரை ஒரு தொடு தொட்டுக் காந்தம் ஏற்றுவது இன்னொன்று. ஆல்டர்னேட்டருக்கு அது வேண்டியதே இல்லை. வண்டியில் எங்கே வெல்டிங் வைத்தாலும், பேட்டரி கேபிள்களையும் பி பிளஸ், டி பிளஸ் ஒயர்களையும் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.