கண்ணாடிக்குள் வெயில் காயும் ஆமைகள்

"ஆமை வளரவே மாட்டேங்குது, தோல் உரியுது" என்று படம் அனுப்புகிறவர்கள் கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம் பக்கம் இப்போது அதிகம். பார்த்தால் அதே பழைய தவறுகள்தான். தொட்டி சிறியது, தண்ணீர் மாற்றவில்லை என்பதையெல்லாம் யாராவது சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன்.

நான் பேசுவது மீன்தொட்டிக் கடையில் காசு அளவுக் குஞ்சாக விற்கும் சிவப்புக்காது ஆமையைப் பற்றி. உங்களிடம் இருப்பது நட்சத்திர ஆமை என்றால் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகிறது. வைத்திருப்பதே குற்றம், வனத்துறையிடம் ஒப்படையுங்கள். கரையில் கிடைத்த பங்குனி ஆமை என்னும் கடலாமையின் குஞ்சுக்கும் அதே சட்டம்தான்.

ஜன்னலோர வெயில்

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. கீழக்கரையில் ஒரு வீட்டில் பெரிய தொட்டி, ஃபில்டர், நீல ஒளி விளக்கு என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்து, எல்லாவற்றையும் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தார்கள். வாங்கி இரண்டு வருடம் ஆகியும் ஆமை உள்ளங்கைக்குள் அடங்கியது. ஓட்டின் ஓரம் மேலே வளைந்திருந்தது, விரலால் தொட்டால் அமுங்கியது. "காக்கா (அண்ணா), வெயில் மேலயே படுதே, அப்புறம் என்ன?" என்று அந்தத் தம்பி கேட்டார். ஜன்னல் மூடியே இருந்தது.

ஆமையின் தோலில் வைட்டமின் டி3 உருவாக புற ஊதா பி கதிர் வேண்டும், ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் வரை. சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும், இந்தக் கதிரை மட்டும் கிட்டத்தட்ட முழுதாகத் தடுத்துவிடும். டி3 குறைந்தால் தின்கிற கால்சியம் உடம்பில் சேராது, ஓடு இளகும், வளர்ச்சி நிற்கும். தொட்டியின் கண்ணாடி மூடியும் இதையேதான் செய்கிறது. நீலமாக எரிகிறது என்பதற்காக ஒரு விளக்கு புற ஊதா விளக்கு ஆகிவிடாது. உண்மையான புற ஊதா பி குழல் விளக்கிலும் கதிர் மாதம் போகப் போகக் குறையும், வெளிச்சம் அப்படியே இருப்பதால் நமக்குத் தெரியாது, அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும்.

ராமநாதபுரம் கரையில் உட்கார்ந்துகொண்டு வெயிலைக் கடையில் வாங்குவானேன்? மாடியிலோ முற்றத்திலோ ஒரு பிளாஸ்டிக் டப்பில் கொஞ்சம் தண்ணீர், ஏறி உட்கார ஒரு கல், பாதிக்கு நிழல், அவ்வளவுதான். மேலே வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் காக்கை தூக்கிக்கொண்டு போய்விடும். ஆறு மணி இளவெயிலில் இந்தக் கதிர் மிகக் குறைவு, எட்டு மணிக்கு மேல் அரை மணி நேரம் விடுங்கள். கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் தூக்கி வைக்காதீர்கள், தண்ணீர் கொதிப்பேறி ஆமை செத்துவிடும். ஓடு ஏற்கெனவே இளகியிருந்தால் வெயில் மட்டும் போதாது, கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

வெள்ளைத் திட்டெல்லாம் பூஞ்சை இல்லை

நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு ஓட்டில் படிந்தாலும் வெள்ளையாகத்தான் தெரியும். நனைத்தால் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் பெரும்பாலும் உப்புப் படிவு. மெல்லிய தோல் ஏடாக உரிவதும் வளர்கிற ஆமைக்கு இயல்பு, பிய்க்காதீர்கள். நாற்றம், குழி, கீழே சிவந்த சதை இருந்தால்தான் அழுகல். நனையாமல் ஏறிக் காய ஓர் இடம் இல்லாத தொட்டியில் அது சீக்கிரம் வரும்.

தேங்காய் எண்ணெய், மஞ்சள்

தடவாதீர்கள்.

கருவாடு

உப்பு. போடவே வேண்டாம்.

காய்ந்த இறால் மட்டும்

வருடக்கணக்கில் அதையே போட்டால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும். முருங்கைக்கீரை, கேரட் சேருங்கள். கால்சியத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம், கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் ஓட்டை எடுத்து, நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பு நீக்கி, காயவைத்துத் தொட்டியில் போடுங்கள், அதுவாகக் கடித்துக்கொள்ளும்.

ஊருணியில் விடுவது

சலித்துப்போய் ஊருணியிலோ கண்மாயிலோ விட்டுவிடுகிறார்கள். இது அமெரிக்க ஆமை, உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. வீட்டுக்குள் வளராதது அங்கே நன்றாகவே வளரும், நம் ஊர் ஆமைகளின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுங்கள்.