பெட்ரிகிவ்கா ஓவியம் கற்கப் போகிறீர்களா? பென்சிலை வீட்டிலேயே வையுங்கள்

உக்ரேனின் பெட்ரிகிவ்கா கிராமத்தில் வளர்ந்த நாட்டுப்புற அலங்கார ஓவியம் இது. கனடாவிலும் அமெரிக்காவிலும் உக்ரேனியத் தேவாலயங்கள் சிலவற்றில் இதைக் கற்றுத் தருகிறார்கள். வழிபாடு முடிந்ததும் கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பாட்டிமாரோடு உட்கார்ந்து வரையலாம். புதிதாகப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, பென்சிலும் ரப்பரும் எடுத்துப்போவது.

இந்த ஓவியத்துக்கு முன்வரைவு கிடையாது. கோடு போட்டு உள்ளே வண்ணம் நிரப்பினால் தூரத்திலிருந்து பார்க்கப் பெட்ரிகிவ்கா மாதிரித் தெரியும், அவ்வளவுதான். இங்கே ஒரு கீற்றுக்கு ஒரே இழுப்பு. தூரிகையை அழுத்தி வைத்து, மெல்லத் தூக்கிக்கொண்டே இழுத்தால் தடித்துத் தொடங்கி முடி போல மெலிந்து முடியும். இதைச் 'சீப்பு' என்பார்கள். நுனியால் தொட்டுக் கடைசியில் அழுத்தினால் 'விதை'. ஒரு நிறத்தில் தோய்த்த தூரிகையின் நுனியில் மட்டும் இன்னொரு நிறம் எடுத்து இழுத்தால், பச்சை மஞ்சளாக மாறிக்கொண்டே வரும். பலரும் இவற்றை ஒரு தரம் போட்டுப் பார்த்துவிட்டு நேராகப் பெரிய பூங்கொத்துக்குத் தாவுகிறார்கள். கெடுவது அங்கேதான். பக்கம் பக்கமாக வெறும் சீப்பு மட்டும் போட்டுப் பழகுங்கள். சலிப்புத் தட்டும், வேறு வழியில்லை. பாட்டி வரைவதை ஃபோனில் படம் பிடிப்பதைவிட அவர் மணிக்கட்டைப் பார்ப்பது மேல்.

பெட்ரிகிவ்கா ஊரில் பூனை முடியைக் குச்சியில் கட்டித் தூரிகை செய்வார்கள். கடையில் வாங்குவதானால் நுனி கூர்மையான, மெல்லிய, மிருதுவான தூரிகை போதும். விறைத்த முடி உதவாது. வண்ணம் நீர்த்தால் விளிம்பு கசியும், கெட்டியானால் கீற்றின் மெலிந்த வால் வராது. பெர்ரிக் கொத்தை விரலாலேயே ஒற்றி எடுப்பார்கள். கை கறையாகுமே என்று அதற்கும் தூரிகையைத் தேடாதீர்கள்.

கறுப்புத் தாள்தான் மரபு என்று நினைப்பதும் தவறு. நிப்ரோ பகுதியில் உள்ள பெட்ரிகிவ்கா கிராமத்தில் இது வெள்ளையடித்த வீட்டுச் சுவரிலும் அடுப்பிலும் வளர்ந்தது. பிறகு தாளுக்கு வந்தது. கறுப்பு அரக்குப் பெட்டிகளும் தட்டுகளும் பிற்காலப் பட்டறைகளில் வந்தவை. 1936-இல் அங்கே தொடங்கிய பள்ளியில் கற்பித்த டெட்டியானா பாட்டாவைப் பற்றி மேசையில் யாராவது நிச்சயம் பேசுவார்கள். 2013-இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அப்புறம், இதை ரஷ்ய ஓவியம் என்று சொல்லிவிடாதீர்கள். பொன்னும் சிவப்பும் கறுப்புமாக மரப்பாத்திரங்களில் வரும் ரஷ்யக் கோக்லமா வேறு. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் 2022-இல் ரஷ்யா படையெடுத்த பிறகு வீட்டை விட்டு வந்தவராகக்கூட இருக்கலாம்.

தேவாலயத்தில் கற்பதால் இது சமயக் கலை ஆகிவிடாது. பூவும் பழமும் பறவையுமாக வீட்டை அலங்கரித்த கலை இது. தவக்காலத்தில் போனால் அதே மேசையில் மெழுகும் முட்டையும் இருக்கக்கூடும். அது பிசங்கா என்ற ஈஸ்டர் முட்டை அலங்காரம்: மெழுகால் கோடிட்டுச் சாயத்தில் முக்கி எடுப்பது. பெட்ரிகிவ்கா தூரிகைக்கு அங்கே வேலையில்லை.