தளர்ந்திருந்த திருகாணி

கிருஷ்ணகிரியில் ஆயுதப்படைக் காவலராக இருந்தபோது, துறையின் துப்பாக்கி சுடும் போட்டிக்கு எனக்குக் கிடைத்தது பழைய .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. 1907-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த வடிவம். ஏறக்குறைய 4 கிலோ எடை, பத்துத் தோட்டா மேகசின். அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். ஆனால் மாம்பழக் காலத்து வெயிலில் அது குறிக்கு அடங்கவே இல்லை. 100 கெஜத்தில் ஐந்து குண்டும் ஐந்து பக்கம் சிதறின. மூச்சிலும் விசை இழுப்பிலும் குறை தேடியே இரண்டு வாரம் போயிற்று.

ஆயுதங்களைப் பழுது பார்க்கும் ஆர்மரர் அண்ணன் வாங்கிப் பார்த்தார். "தம்பி, மரக்கட்டை உலர்ந்து சுருங்கியிருக்கிறது. முன் திருகாணியைப் பார்."

விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்துக்கு முன்னால் உள்ள அந்தத் திருகாணிதான் இரும்பையும் மரத்தையும் இறுக்கிப் பிடிக்கிறது. அது தளர்ந்தால், ஒவ்வொரு வெடிக்கும் குழல் கட்டையில் வேறு வேறாக அமரும். தோட்டா இல்லை என்று இருமுறை உறுதி செய்துகொண்டு, முக்கால் சுற்று முறுக்கினார். குழலில் மிஞ்சிய எண்ணெயையும் உலர்ந்த துணியால் துடைக்கச் சொன்னார். இல்லாவிட்டால் முதல் குண்டு விலகும்.

அன்று மாலை ஐந்தும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. குறி பார்க்க உதவும் பின் குறியை நான் தொடவே இல்லை.