மலையிலிருந்து இறங்கி 'கரண்ட்' வைக்கப் போகிறவர்களுக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில், புற்றுக்கு வைக்கும் கதிர் சிகிச்சையான ரேடியேஷனுக்குப் பெயர் கரண்ட். "உங்கம்மாவுக்குக் கரண்ட் வைக்கணுமாம்" என்று பக்கத்து வீட்டு அக்கா வாய்விட்டுச் சொன்ன அன்று ராத்திரி அம்மா தூங்கவே இல்லை. ஷாக் அடிக்கும் என்று நினைத்துவிட்டார். அடிக்காது. எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான். மேலே பட்டதே தெரியாது. குன்னூருக்குக் கீழே 30 வருஷம் கொழுந்து பறித்தவர் அம்மா. கர்ப்பப்பை வாயில் புற்று. கோயம்புத்தூரில் 25 நாள் கரண்ட் வைத்துக் கூட்டிவந்தவள் நான். எங்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் விஷயம், கீழேயே தங்குங்கள். கரண்ட் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் உண்டு. மெஷினில் இருப்பது பத்துப் பதினைந்து நிமிஷம்தானே, போய்ப் போய் வந்துவிடலாம் என்று நாங்களும் கணக்குப் போட்டோம். விடிகாலை பஸ்ஸில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக ஏறி, கல்லாறில் எல்லாவற்றையும் கழற்றி, சாயங்காலம் திரும்பி வளைவு வளைவாக ஏறினால், இரண்டாம் நாளே பர்லியாரில் அம்மா வாந்தி எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் அறை எடுத்தோம். அப்படி வாடகைக்கு விடுகிற வீடுகள் பெரிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றி இருக்கும். நர்சுகளைக் கேட்டால் வழி சொல்வார்கள். ஒரு ஸ்டவ் இருந்தால் போதும், கஞ்சிக்குக் கவலை இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் என்றால் வேறு பேச்சே கிடையாது. மழைக்கு மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் ரோடு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோத்தகிரி சுற்றித்தான் இறங்கினோம். நாள் விடக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. நடுவில் இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் மறுபடி பெருக ஆரம்பிக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு, வெளியிலிருந்து மெஷினில் வைப்பதும், கர்ப்பப்பைக்குள் குழாய் விட்டு உள்ளே வைப்பதும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது டாக்டர்கள் கணக்கு.

பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ஊட்டி கலெக்டர் ஆபீஸ் போங்கள். அதற்கு முன் இரண்டு கார்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். அம்மாவுக்கு இனிஷியல் ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் ஒரு மாதிரி. அதைச் சரிசெய்ய நான்கு நாள் போயிற்று.

முதல் நாளே கரண்ட் வைத்துவிட மாட்டார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்து, வயிற்றிலும் இரண்டு பக்க இடுப்பிலும் பேனாவால் கோடு போடுவார்கள். எங்கே எவ்வளவு என்று கணக்குப் போடச் சில நாள் ஆகும். கோடுகளைத் தேய்த்துக் குளிக்கக் கூடாது. மங்கினால் நீங்களே பேனா எடுத்து வரையவும் கூடாது. அவர்கள்தான் வரைய வேண்டும்.

அப்புறம் தண்ணீர். பாதிப் பேர் திணறுவது இதில்தான். மூத்திரப்பை நிறைந்திருந்தால் குடலைக் கதிருக்கு வெளியே தள்ளிவிடும். அதனால் ஸ்கேன் எடுத்த அன்று எவ்வளவு நிறைந்திருந்ததோ, தினமும் அதே அளவு இருக்க வேண்டும். அம்மாவுக்குச் சொன்னது, மூத்திரம் போய்விட்டு வந்து அரை லிட்டர் குடித்து முக்கால் மணி நேரம் அடக்கி வைப்பது. உங்களுக்கு வேறு கணக்கு சொல்லலாம். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போன உடனே அம்மாவைக் குடிக்க வைத்துவிட்டேன். அன்று பார்த்து மெஷின் நின்றது. பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "என்னால முடியாதுடி" என்று எழுந்து ஓடினார். மறுபடி முதலிலிருந்து. மறுநாளிலிருந்து டெக்னீஷியன் தம்பியிடம் "எங்களுக்கு முன்னால் எத்தனை பேர்?" என்று கேட்டேன். நான்கு பேர் என்றால்தான் பாட்டில் மூடியைத் திறப்பேன். அளவு தவறாமலிருக்க அரை லிட்டர் பாட்டிலையே வைத்துக்கொண்டோம்.

வாரம் ஒரு நாள் கீமோவும் (புற்றுக்கு நரம்பில் ஏற்றும் மருந்து) சேர்ந்து வந்தது. அன்று முழுநாளும் டிரிப்ஸ்தான், சாப்பாடு கட்டிப் போங்கள். ரத்தப் பரிசோதனையும் வாரா வாரம் உண்டு.

மலைக்காரர்களுக்கு இரண்டு பழக்கம். எந்த வலிக்கும் நீலகிரித் தைலம், எந்தக் குளிருக்கும் கணப்பு. கதிர் படும் தோலில் இரண்டும் வேண்டாம். சுடுதண்ணீர்ப் பையும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஒற்றித் துடைத்து, தளர்ந்த பருத்தி உள்பாவாடை கட்டினாலே போதும். மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. கீரை, காரம், பாலை நிறுத்தி மோர்ச்சோறும் கஞ்சியும் கொடுத்தேன். நாளுக்கு நான்கைந்து தடவைக்கு மேல் போனால் வாரப் பரிசோதனை நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கடைசி வாரமும், எல்லாம் முடிந்த பிறகு ஒன்றிரண்டு வாரமும் சோர்வு அதிகமாகத்தான் இருக்கும். மோசமாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

உள்ளே வைக்கும் கரண்ட் தனி. அதற்கு மயக்கமருந்து கொடுக்கலாம்; முந்தின நாளே, எப்போதிலிருந்து சாப்பிடக்கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் ஒருத்தர் அம்மாவுக்குத் தனித் தட்டு எடுத்து வைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெளியிலிருந்து வைக்கும் கரண்ட் மெஷினை நிறுத்தினதும் முடிந்தது, உடம்பில் ஒன்றும் தங்காது. பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளலாம்.

கிளம்பும்போது எத்தனை சிட்டிங், மொத்தம் எத்தனை கிரே (கதிர் அளவுக்கான கணக்கு) என்று எழுதின சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். எங்களுடையதை பீரோவில் வைக்கவில்லை. இந்த ஊர் ஈரத்துக்குக் காகிதம் பூத்துப்போகும். இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு, அடுப்படிப் பரணில், டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.